மூஞ்சி தெரியலையாம்

கொஞ்சம் எந்திரிங்க சார், நான் சன்னல் பக்கம் போயிடுறேன். தப்பா நினைக்காதீங்க. காத்து மூஞ்சியில அடிச்சாத்தான் எனக்கு பஸ் ஒத்துக்கும், இல்லைன்னா வயித்தைப் பெரட்டும். ஆங், இப்பச் சரி. உங்களுக்கும் டவுனுதானா? நானும் அங்கிட்டுத்தான். கல்வி ஆபீஸுக்குப் போறேன். என் கிளாஸை என்கிட்ட இருந்து பிடுங்கிட்டாங்க சார். அதைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த வெயில்ல கிளம்பிட்டேன்.

வாத்தியாருங்க நான். கணக்கு. பேரு வெயிலுமுத்து. பேரெல்லாம் வேண்டாம், எங்க பக்கம் வந்து கணக்கு சார் வீடு எதுன்னு கேட்டாப் போதும், வாசல்ல கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க. எட்டாம் கிளாஸுக்கு நான் கணக்கு எடுத்தா, ஒன்பதாவது போயி எந்தப் பிள்ளையும் தடுமாறாது. நான் சொல்லலை, ஊர் சொல்லும். சரி, நானும்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு?

அந்த எட்டாம் கிளாஸைத்தான் புடுங்கிட்டாங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு போர்டு. ஸ்மார்ட் போர்டு. கேள்விப்பட்டிருப்பீங்க, பெரிய டிவி மாதிரி இருக்கும், தொட்டா எழுதும். எங்க பள்ளிக்கூடத்துக்கும் ஒண்ணு வந்துச்சு. வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அதை எங்க மாட்டுனாங்க தெரியுமா? லீவு நாள்ல ரெண்டு பேரு வந்து, என் கரும்பலகை மேலயே ட்ரில் போட்டு மாட்டிட்டுப் போயிட்டாங்க. சுவத்தோட சேத்துப் பூசுன சிமிட்டிப் பலகை சார் அது. வருசா வருசம் நான் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தது. திங்கக்கிழமை போயிப் பாக்குறேன், பலகையைக் காணோம். ஓரத்துல ஒரு முழம் கறுப்பா எட்டிப் பாக்குது. ஏம்ப்பா வேற சுவரே இல்லையான்னு எச்.எம்.கிட்ட கேட்டேன். "பிளக் பாயிண்ட் அங்கதான சார் இருக்கு"ங்கிறாரு. கரண்ட் இருந்தா அது போர்டு. கரண்ட் போனா சுவரும் இல்ல, பலகையும் இல்ல. எங்க ஊர்ல கரண்ட் எப்ப இருக்கும் எப்பப் போகும்னு உங்களுக்குச் சொல்லணுமா?

என்னது? காத்து இரையுதா? அது அப்படித்தான், இந்த சன்னலுக்கு ஷட்டர் இறங்காது. நான் சத்தமாத்தான பேசுறேன்.

அந்த ஒரு முழத்துல நான் எழுதிக்கிட்டு இருந்தேன். பெரிய கணக்குன்னா துண்டு துண்டா எழுதி அழிச்சு எழுதணும். ஆனாலும் விடலை. என் வழி என்னன்னா சார், நான் எழுதிக்கிட்டே பேசுவேன். சாக்பீஸும் ஓடும், வாயும் ஓடும், ரெண்டும் ஒண்ணா வந்து விடையில நிக்கும். திரும்பிப் பாத்துக் கொஞ்சிக்கிட்டு நிக்கிற வேலையெல்லாம் என்கிட்ட கிடையாது. நான் திரும்பும்போது கிளாஸு கப்சிப்னு இருக்கும். கணக்கு முடிஞ்சிருக்கும். புரிஞ்சவன் எழுதிக்க வேண்டியது. புரியாதவனுக்கு ஒரு தடவை சொல்லுவேன், ரெண்டு தடவை சொல்லுவேன், மூணாந்தடவை கேட்டா அது கவனக்குறைவு. அவ்வளவுதான்.

இதுக்கு நடுவுல செல்போன் வேற. அட்டெண்டன்ஸ் ஆப்புல, மார்க்கு ஆப்புல, பிள்ளைக செருப்பு சைஸ் ஆப்புல. ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணு தெரியுதா, காது கேக்குதா, பல்லு சொத்தையான்னு கேள்வி. நான் டாக்டரா சார்? எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு போட்டாத்தான் அடுத்த பக்கமே திறக்கும். இல்லைன்னு போட்டா இன்னும் நாலு பக்கம் விரியும். சிக்னலுக்கு நான் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு இருக்கேன். அங்க நின்னுக்கிட்டு யாரு பல்லை எண்ணுறது? எல்லாருக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு அமுக்கிட்டு இறங்கிட்டேன். எல்லா வாத்தியாரும் அதான் செய்றோம்.

அப்புறம் பயிற்சின்னு கூப்பிட்டாங்க. ஸ்மார்ட் போர்டுல எப்படிப் பாடம் நடத்துறதுன்னு அஞ்சு நாள். போனா, அங்க ஸ்மார்ட் போர்டே இல்ல சார்! சிரிக்காதீங்க, சத்தியமா. வெள்ளைத் துணியில ஸ்மார்ட் போர்டு படத்தைக் காமிச்சு, இது ஆன் பட்டன், இது ஆஃப் பட்டன்னு வாசிக்கிறாங்க. ஆளைத் தரையில படுக்கப்போட்டு நீச்சல் சொல்லித் தர்ற மாதிரி. ஒருத்தருக்கு பாஸ்வேர்டு மறந்துபோச்சு, ஒருத்தருக்கு ஓ.டி.பி. வீட்டுக்காரம்மா போனுக்குப் போயிருச்சு. மத்தியானச் சாப்பாடு மட்டும் நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல.

பயிற்சி குடுத்தது ரெஜினான்னு ஒரு அம்மா. கருத்தாளர். என் மக வயசுதான் இருக்கும். மரியாதையாத்தான் பேசும், அதுலதான் ஆளு ஏமாந்துருவாங்க. பயிற்சிக்கு முன்னாடியே போன்ல சொல்லிருச்சு, எல்லாரும் அவங்கவங்க பாடம் நடத்துறதைப் பத்து நிமிசம் வீடியோ எடுத்து அனுப்பிரணும், அதைப் போட்டுப் பாத்துப் பேசுவோம்னு. நானும் அனுப்பியிருந்தேன். எங்க பி.டி. சார் ஞானதுரைதான் கடைசி பெஞ்சுல நின்னு எடுத்துக் குடுத்தாரு. நல்ல பாடம், லாபம் நட்டம்.

ஒவ்வொருத்தர் வீடியோவாப் போட்டாங்க. என் முறை வந்துச்சு. பெரிசாத் திரையில என் முதுகு. சட்டையில வேர்வை. கை ஆடுது. அவ்வளவுதான், பத்து நிமிசமும். என்ன எழுதுறேன்னும் தெரியலை, என் உடம்பு மறைக்குது. குரல் மட்டும் ஏதோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி. கேமரா சரியில்ல சார், ஞானதுரை போன் பழசு. ஆனா எல்லாரும் சிரிச்சாங்க. ஏலேய், நான் உங்களுக்கெல்லாம் சீனியர்டான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அந்த ரெஜினாம்மா சிரிக்கலை. ஆனா கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி.

"சார், பத்து நிமிசத்துல ஒரு தடவைகூட உங்க மூஞ்சி தெரியலையே. பிள்ளைக உங்க மூஞ்சியை எப்பப் பாப்பாங்க?"

நான் விடலை. "மேடம், கணக்கு போர்டுல இருக்கு, என் மூஞ்சியில இல்ல"ன்னேன். ஒரே கைதட்டல். அந்தம்மா எதையோ குறிச்சுக்கிச்சு. குறிச்சா குறிச்சுக்கோன்னு இருந்துட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு சார், அன்னைக்கே ரெண்டு நல்ல வார்த்தை பேசிச் சரிக்கட்டியிருக்கணும்.

சரி, நான் பயிற்சியில இருக்கேன், என் எட்டாம் கிளாஸை யாரு பாப்பா? ஞானதுரை பாத்தாரு. எப்படிப் பாத்தாரு? ஸ்மார்ட் போர்டைப் போட்டு விட்டுட்டுக் கிரவுண்டுக்குப் போயிட்டாரு. அதுல கணக்கு வீடியோ இருக்கு. ஒரு ஆளு, சட்டையை இன் பண்ணிக்கிட்டு, சுவரளவு மூஞ்சியைக் காட்டிக்கிட்டுப் பேசுவான். "குழந்தைகளே, இப்ப நாம எதிர் மாறல் பாப்போமா"ன்னு. வாயை அப்படித் திறந்து திறந்து, ஏதோ மருந்து ஊத்தப் போறவன் மாதிரி. அந்த வாரம் பாத்து கரண்ட்டும் போகலை. நான் இருந்தாத்தான் போகும்.

பயிற்சி முடிஞ்சு வந்தேன். என்னத்தப் படிச்சிருக்கப் போகுதுகன்னு எதிர் மாறல்ல ஒரு டெஸ்ட் வச்சேன். நினைச்ச மாதிரியே முக்காவாசி சைபரு. ஆனா ஒரு பேப்பரு மட்டும் எல்லாக் கணக்கும் சரி. யாருன்னு பாத்தா காளீஸ்வரி.

காளீஸ்வரின்னா உங்களுக்குத் தெரியாதுல்ல. கடைசி பெஞ்சு. ஆளு நெட்டையா இருப்பா, அதனால கடைசியில போட்டிருந்தேன். மூணு வருசமா என் கையிலதான் இருக்கா, ஆறாவதுல இருந்து. கணக்கு வரவே வராது. கேள்வி கேட்டா எந்திரிச்சு நிப்பா, பக்கத்துல இருக்கிறவளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நேரா மூஞ்சியைப் பாத்து முழிப்பா சார், கண்ணு கொட்டாம. பொம்பளைப் பிள்ளை வாத்தியாரை அப்படிப் பாக்கலாமா? "என்னடி முறைக்கிற"ன்னா அதுக்கும் முழிப்பா. திமிருன்னு ஒதுக்கி வச்சுட்டேன். அவ நோட்டு மட்டும் சுத்தமா இருக்கும். நான் போர்டுல எழுதுனது அத்தனையும் இருக்கும், நான் வாயில சொன்னது ஒண்ணுகூட இருக்காது. அப்ப அவ கவனிக்கலைன்னுதான அர்த்தம்?

இப்ப அவ முழு மார்க்கு. நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? காப்பிதான். நான் அவசரப்படலை சார், அவளுக்கு ஒரு வாய்ப்புக் குடுத்தேன். அதை யாரும் இப்பச் சொல்ல மாட்டேங்கிறாங்க. கூப்பிட்டு முன்னாடி நிறுத்துனேன். கரண்ட் இல்ல. அந்த ஒரு முழப் பலகையில எழுதிக்கிட்டே கேட்டேன். "பத்து ஆளு ஒரு கிணத்தைப் பன்னெண்டு நாள்ல வெட்டுறாங்க. எட்டு ஆளுன்னா எத்தனை நாளு?" பத்து, பன்னெண்டு, எட்டுன்னு எழுதிட்டேன். பதில் இல்ல. "எத்தனை நாளுடி?" பதில் இல்ல. கத்திக் கேட்டேன், சுவரே அதிருது. திரும்பிப் பாத்தா, நிக்கிறா. கிளாஸே சிரிக்குது. பேப்பர்ல சரியாப் போட்ட அதே மாதிரிக் கணக்கு! முன்னாடி நின்னா வரலைன்னா அது என்னது? நீங்க சொல்லுங்க, அது என்னது?

காப்பி. அதைத்தான் நானும் சொன்னேன். "காப்பி அடிச்ச கழுதை, உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன்"னு வராந்தாவுல நிறுத்திட்டேன்.

மறுநாள் அவ அம்மா வந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸுல வேலை பாக்கிற பொம்பளை, கையெல்லாம் மருந்து. நான் விசயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். அது எடுத்த எடுப்புல அந்தப் பிள்ளையை முதுகுல நாலு வச்சுச்சு. "இது சின்னதுல இருந்தே இப்படித்தான் சார். கூப்பிட்டாத் திரும்பாது. பத்து தடவை கத்தணும். திமிரு புடிச்ச மூதி. என் ஒரு நாள் கூலி போச்சே"ன்னு அழுதுக்கிட்டே அடிக்குது. நான்தான் சார் தடுத்தேன். இருபத்தேழு வருச சர்வீஸுல நான் ஒரு பிள்ளையைக் கை நீட்டி அடிச்சதில்ல. ஆனா பாருங்க, பெத்தவளே சொல்றா திமிருன்னு. என்னைய மட்டும் குத்தம் சொல்றாங்க.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஸ்கூட்டி. ரெஜினாம்மா. பயிற்சிக்கு வந்தவங்க போர்டைப் பயன்படுத்துறாங்களான்னு பாக்க வந்துச்சாம். வராந்தாவுலயே நின்னுருச்சு. என்ன சார்னு கேட்டுச்சு, சொன்னேன். நான் கேட்ட கணக்கையும் சொன்னேன். நேரா அந்தப் பிள்ளைக்கு முன்னாடி போயிக் குனிஞ்சு, தோளைத் தொட்டு, மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு வாயை அசைச்சுச்சு. சத்தமே இல்ல சார். வெறும் வாயசைப்பு. பக்கத்துல நிக்கிற எனக்கு ஒரு எழுத்துகூட விழலை.

அந்தப் பிள்ளை, "பதினஞ்சு நாள்"ங்குது.

கேட்டுக்கிட்டீங்களா? பதினஞ்சு நாள். சரியான விடைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதெப்படி சார்? நான் கத்திக் கேட்டதுக்கு வராத பதிலு, சத்தமே இல்லாமக் கேட்டதுக்கு வருது? முதல் நாளே வீட்டுல போயி யார்கிட்டயாவது விடையைக் கேட்டு வச்சிருப்பா. அப்படித்தான இருக்கணும்? நான் அதைச் சொன்னேன். அந்தம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. இன்னொரு கணக்கு கேட்டுச்சு, அதே மாதிரி வாயை அசைச்சு. அதுக்கும் சொல்லிட்டா. அவ அம்மா அடிச்ச கையை அப்படியே மாராப்புல வச்சுக்கிட்டு நிக்குது.

"இதெல்லாம் எப்படிப் படிச்ச கண்ணு?"ன்னு கேட்டுச்சு ரெஜினாம்மா. அந்தப் பிள்ளை கிளாஸுக்குள்ள கையைக் காட்டுச்சு, போர்டுப் பக்கம்.

"அந்த சார் என்னையப் பாத்தே சொல்வாக"ன்னுச்சு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அவன் யாரு சார்? எங்கயோ மெட்ராஸ்ல உக்காந்து எப்பவோ பேசுனவன். அவன் இவளையா பாத்தான்? அவன் கேமராவைப் பாத்தான்! அவனுக்கு இவ பேரு தெரியுமா, ஊரு தெரியுமா? மூணு வருசம் ரத்தமும் சதையுமா முன்னாடி நின்னவன் நானு. நான் பாக்கலையாம், அவன் பாத்தானாம். அந்த நன்றிகெட்ட வார்த்தையை அந்தப் பிள்ளை என் எதிர்லயே சொல்லுது. சுத்தி அத்தனை பேரும் என்னைப் பாக்கிறாங்க. தூக்கமே வரலை சார் அன்னைக்கு, அது ஒண்ணுதான் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

அப்புறம் என்ன, ரெஜினாம்மாவே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. சின்னப் பிள்ளையில காதுல சீழ் வடிஞ்சு, ரெண்டு காதும் முக்காவாசி கேக்காதாம். உதட்டைப் பாத்தேதான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கா. எச்.எம். ரூமுல வச்சு அந்தம்மா என்னையக் கேக்குது, "சார், காது நல்லா இருக்குன்னு ஆப்புல போட்டது நீங்கதானே?" ஆமா, நான்தான் போட்டேன். எல்லாருக்கும்தான் போட்டேன். அவளுக்கு மட்டுமா போட்டேன்?

எச்.எம். நல்லவரு மாதிரி பேசுனாரு. "கொஞ்ச நாளைக்கு ஆறாங்கிளாஸ் பாருங்க வெயிலுமுத்து. எட்டாவதைப் புது டீச்சர் பாக்கட்டும்." நேத்து வந்த பொண்ணு சார் அது! பாதி வீடியோ போடும், நடுவுல நிறுத்தும், பெஞ்சுக்கு பெஞ்சு நடக்கும், திரும்ப அதையே சொல்லும். இப்படிப் போனா சிலபஸ் எப்ப முடியும்? அதோட எனக்கு மறுபடி அதே பயிற்சிக்குப் போகச் சொல்லி ஆர்டரு. இந்தத் தடவை நிஜ போர்டு வாங்கிட்டாங்களாம். அங்க வர்றவன் எல்லாம் என்னையப் பாத்து, "என்ன சார், மூஞ்சி தெரியுதா"ன்னு கேப்பான். நான் அங்கிட்டு போறதா இல்ல. ஒண்ணு என் கிளாஸைக் குடுங்க, இல்லைன்னா வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுங்க. இன்னைக்குப் பெரிய அதிகாரி முன்னாடி நேரா இதைத்தான் சொல்லப் போறேன்.

இன்னொண்ணு கேளுங்க. இப்ப அவளுக்குக் காதுல மிஷின் மாட்டியிருக்கு. சர்க்காரு குடுத்தது. மாட்டிட்டு வந்த அன்னைக்கு நான் ஆறாங்கிளாஸுல இருக்கேன், வாய்ப்பாடு சொல்லத் தெரியாத ஒருத்தனைப் பிடிச்சுக் காச்சிக்கிட்டு இருக்கேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, ரோடு வரைக்கும் கேக்கும். இவ வராந்தாவுல போறா. என் கிளாஸு வாசலுக்கு வந்ததும் நின்னா. ஒரு நிமிசம் நின்னு கேட்டா. சரி, முதல்முதலா நம்ம குரலைக் கேக்குது பிள்ளை, ஒரு வணக்கம் வைக்கும்னு நான் வாசலைப் பாத்தேன் சார். மனசுல இருக்கிறதைச் சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு அவ மேல ஒரு கோவமும் இல்ல.

மிஷினைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் போயிட்டா.

என் கிளாஸைத் தாண்டுனதும் திரும்ப மாட்டிக்கிட்டா. நான் எட்டிப் பாத்தேன். இப்பத் தினமும் அப்படித்தான், போறப்பயும் வர்றப்பயும். நான் கத்துனாலும் கத்தலைன்னாலும். நான் சும்மா நாற்காலியில உக்காந்திருக்கேன், அப்பவும் கழட்டுறா. இது திமிரு இல்லாம வேற என்னது? இந்தத் திமிரைத்தான் நான் மூணு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன், ஒருத்தன் கேக்கலை.

இந்தா, டவுன் வந்துருச்சு. நீங்க படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. வெளி ஆளு, ரெண்டு பக்கமும் வேண்டியவரு இல்ல. எல்லாத்தையும் கேட்டீங்க. நியாயமா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அதிகாரி முன்னாடி பேச எனக்கு ஒரு தெம்பா இருக்கும். நான் என்ன தப்புப் பண்ணுனேன்?

என்னது?

பாதி விளங்கலையா? சன்னலைப் பாத்தே பேசுனேனா? அட என்ன சார் நீங்க! இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசிட்டு வந்திருக்கேன். விளங்கலைன்னா நடுவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒரு தடவை சொன்னீங்க, அப்புறம் பேசாம இருந்துட்டீங்களே. இப்படிச் சும்மா என் மூஞ்சியையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு வந்தா, எனக்கு எப்படி சார் தெரியும்?